நம் வீட்டு வைஃபை பூட்டின் கதை

நம் நகரில் எந்த பிளாட் வாசலில் நின்று கைபேசியைத் திறந்தாலும் பத்துப் பதினைந்து வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். சிலர் குழந்தையின் பெயரை வைத்திருப்பார்கள், சிலர் கதவு எண்ணை. சிலர் ரவுட்டர் கம்பெனி வைத்த பெயரை அப்படியே விட்டிருப்பார்கள். ஏறக்குறைய எல்லாப் பெயர்களின் பக்கத்திலும் சின்னதாக ஒரு பூட்டுப் படம் இருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பூட்டு பல வீடுகளில் கிடையாது.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் "நெட் வருதா?", "எனக்கு மட்டும் ஸ்லோவா இருக்கா?" என்ற கேள்விகள் அடிக்கடி வருகின்றன. பூட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் இவை இரண்டும் தனித்தனி விஷயங்கள் அல்ல. வைஃபை வரலாற்றைப் புரட்டினால், "சீக்கிரம் கனெக்ட் ஆனால் போதும்" என்று விட்ட சந்து வழியாகத்தான் பூட்டு பெரும்பாலும் உடைந்திருக்கிறது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு, நம் வீட்டு ரவுட்டர் அதில் எந்த ஆண்டில் நிற்கிறது என்று சோதிப்போம்.

ரேடியோவுக்கும் லைசென்ஸ் கட்டிய காலம்

நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கென்று ஒரு சின்னப் புத்தகம் உண்டு. 1933-ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டப்படி, கம்பியில்லாக் கருவி எதையும் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 1980-களின் நடுப்பகுதி வரை ரேடியோ, டி.வி. இரண்டுக்கும் இந்த லைசென்ஸ் இருந்தது.

அதே காலத்தில், 1985-இல், அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அவற்றில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் ஏறக்குறைய இதே அலைவரிசையில்தான். மற்ற உபயோகங்களுக்கு அவ்வளவாக லாயக்கில்லை என்று கருதப்பட்ட இந்த இடத்தில்தான் வைஃபை பிறந்தது. 1997-இல் 802.11 என்ற முதல் தர விதிமுறை வெளியானது. 1999-இல் நொடிக்கு 11 மெகாபிட் வேகம் தரும் 802.11பி வந்தது. "வைஃபை" என்ற பெயரும் அந்த ஆண்டிலேயே புழக்கத்துக்கு வந்தது.

அப்போது சென்னையில் இணையம் என்றால் டெலிபோன் கம்பிதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது முதலில் இணைப்புப் பெற்ற ஊர்களில் நம் ஊரும் ஒன்று. டெலிபோனில் நம்பர் போட்டு, மோடம் கீச்சிட்டு, நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் எழுத்துகள் வரும். யாராவது போனை எடுத்தால் இணைப்பு போய்விடும். கம்பி வாங்கக் காத்திருப்போருக்காகச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழுவினர், மிடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா இணைப்பை உருவாக்கினார்கள். அதில் போன் பேசிக்கொண்டே 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் பார்க்கலாம். தெருமுனை வரை கம்பி வராத ஊர்களுக்கு அது அன்றைக்குப் பெரிய விஷயம்.

வைஃபை நம் வீடுகளுக்குள் வர வழி திறந்தது 2005 ஜனவரியில். அந்த மாதம் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளை உரிமம் இல்லாமல் வீட்டுக்குள்ளும் வெளியிலும் பயன்படுத்த அனுமதித்தது. அதே மாதத்தில் பி.எஸ்.என்.எல். 'டேட்டா ஒன்' என்ற பிராட்பேண்டைத் தொடங்கியது. 256 கிலோபிட் வேகமே அன்று ஆச்சரியமாக இருந்தது. கூடவே ஒரு வெள்ளை மோடம் பெட்டி வந்தது. சில மாடல்களில் ஒரு சிறு ஆன்டெனாவும் இருந்தது.

முதல் பூட்டு

கம்பி வழியாக வரும் செய்தியை ஒட்டுக் கேட்க வேண்டுமானால் கம்பியைத் தொட வேண்டும். காற்று வழியாகப் போவதை அக்கம்பக்கத்தில் யாரும் பிடிக்கலாம். வைஃபையை உருவாக்கியவர்களுக்கும் இது தெரியும். அதனால் 1997-லேயே டபிள்யூ.இ.பி. என்ற பூட்டைச் சேர்த்தார்கள். கம்பி இணைப்புக்கு நிகரான அந்தரங்கம் தருவது என்பது அந்தப் பெயரின் பொருள்.

அந்தப் பூட்டில் ஒரு குறை இருந்தது. அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சாவியைக் கொஞ்சம் மாற்றிப் போட ஓர் எண்ணைச் சேர்ப்பார்கள். அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 24 பிட் மட்டுமே. அதாவது சுமார் 1 கோடியே 67 லட்சம் எண்கள். கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஆனால் ஓயாமல் வேலை செய்யும் வைஃபையில் சில மணி நேரத்திலேயே அவை தீர்ந்து, பழைய எண் திரும்ப வரும். போதாக்குறைக்கு, சில எண்கள் சாவியையே கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிக் கொடுத்தன. இதை 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் கணிதமாகவே எழுதி வெளியிட்டார்கள். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே பூட்டை ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினார்கள்.

இது வெறும் ஆராய்ச்சிக் கூடத்து விளையாட்டாக இருக்கவில்லை. அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். என்ற கடைச் சங்கிலியில், டபிள்யூ.இ.பி. பூட்டுப் போட்ட கடை வைஃபை வழியாக நுழைந்தவர்கள் குறைந்தது 4 கோடியே 57 லட்சம் கார்டுகளின் விவரத்தை எடுத்துச் சென்றது 2007-இல் வெளியானது.

மாற்றுப் பூட்டுகள் அதற்கு முன்பே வந்திருந்தன. 2003-இல் அவசரத்துக்கு டபிள்யூ.பி.ஏ., 2004-இல் உறுதியான டபிள்யூ.பி.ஏ.2. 2006 மார்ச் முதல் வைஃபை முத்திரை பெறும் புதிய கருவிகள் எல்லாவற்றிலும் டபிள்யூ.பி.ஏ.2 இருந்தாக வேண்டும் என்று ஆயிற்று. ஆனால் பழைய பூட்டைக் கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் உடனே மாற்றவில்லை. பழைய லேப்டாப் கனெக்ட் ஆகாது என்ற காரணம் ஒன்றே போதுமானதாக இருந்தது. பலர் பூட்டே போடவில்லை.

2008: நவி மும்பையின் ஒரு பிளாட்

நம்மைப் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்போர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் இது.

2008 ஜூலை 26 மாலை அகமதாபாத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 56 பேர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. காவல்துறையினர் அது எந்த இணைய முகவரியிலிருந்து வந்தது என்று தேடிப் போனார்கள். அந்த முகவரி நவி மும்பை சான்பாடாவில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வாடகைக்கு இருந்த ஓர் அமெரிக்கரின் இணைப்பு.

அவருக்கும் அந்த மின்னஞ்சலுக்கும் தொடர்பு இல்லை. அவர் வீட்டு வைஃபையைப் பயன்படுத்தி வேறு யாரோ அனுப்பியிருந்தார்கள். ஆனால் அது தெரியவருவதற்குள் அவருடைய கணினிகள் பறிமுதல் செய்யப்பட்டன, அவர் திரும்பத் திரும்ப விசாரிக்கப்பட்டார், அவர் பெயரும் படமும் நாடெங்கும் செய்தியில் வந்தன.

ஏன் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்? ஒரு வீட்டில் எத்தனை கைபேசி, லேப்டாப், டி.வி. இருந்தாலும் வெளி உலகுக்கு அவை அனைத்தும் ஒரே இணைய முகவரியில்தான் தெரியும். ஒரே வீட்டிலிருந்து பத்துப் பேர் கடிதம் போட்டாலும் அனுப்புநர் இடத்தில் ஒரே கதவு எண் இருப்பதைப் போல. எழுதியது மகனா, விருந்தாளியா, மாடிப்படியில் நின்ற முன்பின் தெரியாதவரா என்பது உறையில் இருக்காது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான் விசாரணை வந்து நிற்கும்.

ஏன் வைஃபையைத் தேடி வந்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. அதே ஆண்டு மே மாதம் ஜெய்ப்பூர் குண்டுவெடிப்பின்போது மின்னஞ்சல் சாகிபாபாத்தின் ஓர் இன்டர்நெட் மையத்திலிருந்து போயிருந்தது. அதன் பிறகு இன்டர்நெட் மையங்களில் அடையாள அட்டை, பதிவேடு என்று கெடுபிடி கூடியது. ஒரு கதவு சாத்தப்பட்டதும் சாத்தாத வேறு கதவைத் தேடினார்கள். ஆகஸ்டில் வந்த அடுத்த மின்னஞ்சல் மும்பையில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்தும், செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்தது செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபையிலிருந்தும் போயிருந்தன.

2009 ஜனவரியில் மும்பை காவல்துறை, தெருத்தெருவாகப் போய்ப் பூட்டில்லாத வைஃபைகளைக் கண்டுபிடித்து எச்சரிக்கை நோட்டீஸ் தரப் போவதாக அறிவித்தது. அடுத்த மாதம் தொலைத்தொடர்புத் துறை, இணையச் சேவை நிறுவனங்களுக்கு வைஃபை பாதுகாப்பு பற்றி உத்தரவு அனுப்பியது. பொது இடங்களின் வைஃபையில் பயனாளரின் அடையாளம் பதிவாக வேண்டும் என்றது அது. ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் வைஃபை கேட்டால் நம் கைபேசிக்கு ஓ.டி.பி. வருவது அந்த வழியில் வந்த பழக்கம்தான்.

அகமதாபாத் வழக்கில் 2022 பிப்ரவரியில் தனி நீதிமன்றம் 49 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மின்னஞ்சல் போன நாளிலிருந்து தீர்ப்புக்குப் பதின்மூன்றரை ஆண்டுகள்.

வசதிக்காக வைத்த பட்டன்

டபிள்யூ.பி.ஏ.2 உறுதியான பூட்டு என்றோம். ஆனால் நீளமான பாஸ்வேர்டை டைப் செய்வது மக்களுக்குச் சிரமமாக இருந்தது. அதற்காக 2007 வாக்கில் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதி வந்தது. ரவுட்டரின் பின்புறம் இருக்கும் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அல்லது பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் 8 இலக்க எண்ணைப் போட்டால் போதும்.

எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி எண்கள். ஆனால் 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபோக் என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். ரவுட்டர் அந்த எட்டு இலக்கத்தை மொத்தமாகச் சரிபார்ப்பதில்லை. முதல் நான்கு சரியா என்று ஒரு தடவை, அடுத்த பகுதி சரியா என்று இன்னொரு தடவை பதில் சொல்லிவிடுகிறது. கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆக, முதல் பாதிக்கு 10,000, அடுத்ததற்கு 1,000, மொத்தம் 11,000 முயற்சிகளே போதும். ஒரு கணினி சில மணி நேரத்தில் முடித்துவிடும். வாசல் கதவுக்கு நல்ல பூட்டு வாங்கிப் போட்டுவிட்டு, பால்காரர் வசதிக்காக ஜன்னலைத் திறந்து வைத்தது போல ஆயிற்று.

இன்னொரு வசதி, கம்பெனி வைத்த பாஸ்வேர்டு. இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டு. வந்து மாட்டித் தருபவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று பல மாடல்களில் பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்றே வந்தது. 2017 ஜூலையில் 'பிரிக்கர்பாட்' என்ற நாச நிரல் இணையம் வழியாக இந்திய பிராட்பேண்ட் மோடம்களைத் தேடித் தேடி, மாற்றப்படாத இந்தப் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே நுழைந்து, அவற்றைச் செயலிழக்கச் செய்தது. சுமார் 60,000 மோடம்கள் முடங்கியதாக அப்போது செய்திகள் வந்தன. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அந்த நாட்களில் "நெட் வரவில்லை" என்று புகார் கொடுத்த பலருக்கு, அதற்குக் காரணம் மாற்றாமல் விட்ட ஒரு சொல் என்பது தெரிந்திருக்காது.

போன் நம்பரைப் பாஸ்வேர்டாக வைத்தால்

டபிள்யூ.பி.ஏ.2-க்கும் ஒரு பலவீனம் உண்டு. உங்கள் கைபேசி ரவுட்டரோடு சேரும் அந்த ஒரு கணத்தை வெளியிலிருந்து ஒருவர் பதிவு செய்துகொண்டால் போதும். பிறகு அவர் உங்கள் வாசலில் நிற்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய், கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது.

நம்மில் பலர் கைபேசி எண்ணையே வைஃபை பாஸ்வேர்டாக வைத்திருக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியக் கைபேசி எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும். மீதி 9 இலக்கம். மொத்தம் 400 கோடி எண்கள். கேம் ஆடுவதற்கு வாங்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டு சோதிக்கும். 400 கோடியையும் முடிக்க 4,000 நொடி, அதாவது ஒரு மணி ஏழு நிமிடம். பிறந்த தேதி என்றால் ஒரு நொடி கூட ஆகாது.

அதே கார்டுக்கு, தாறுமாறாக எடுத்த 12 சிறிய ஆங்கில எழுத்துகளைக் கொடுத்தால் எல்லாவற்றையும் முயன்று முடிக்க மூவாயிரம் ஆண்டுகள் ஆகும். தாறுமாறான எழுத்துகள் நினைவில் நிற்காது என்பவர்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதலாம். முருங்கை, கப்பல், திண்ணை, சைக்கிள், மிளகு என்பது போல. (இதையே வைத்துவிடாதீர்கள். இப்போது இது நகருக்கே தெரியும்.)

2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்தி வான்ஹூஃப், டபிள்யூ.பி.ஏ.2-இல் வேறொரு ஓட்டையையும் கண்டுபிடித்தார். கைபேசி, கணினி, ரவுட்டர் ஆகியவற்றின் மென்பொருளைப் புதுப்பித்தால் அது அடைபடும். புதுப்பிக்காத பழைய கருவிகளில் அது இன்னும் இருக்கிறது. 2018-இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.3, வீட்டில் உட்கார்ந்து பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும் வழியையே அடைத்துவிட்டது. 2020 ஜூலை முதல் முத்திரை பெறும் புதிய கருவிகளில் அது கட்டாயம்.

பகிர்ந்து வாழ்ந்த பழக்கம்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கிப் பள்ளிகள் கைபேசிக்குள் வந்தபோது, எத்தனையோ வீடுகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வைஃபை பாஸ்வேர்டைச் சொன்னார்கள். பம்பில் தண்ணீர் வராத நாளில் குடம் கொடுத்து வாங்கிய ஊர் இது. பாஸ்வேர்டைக் கொடுத்ததில் ஆச்சரியமில்லை, தவறுமில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் அந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை.

ஆனால் அப்போது சொன்ன பாஸ்வேர்டு இப்போது எத்தனை கைபேசியில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையின் நண்பர், வீடு மாறிப் போன வாடகைக்காரர், ஒரு நாள் வேலைக்கு வந்தவர் என்று அது பயணம் செய்திருக்கும். இதற்கு ரவுட்டரிலேயே ஏற்பாடு உண்டு. 'கெஸ்ட் நெட்வொர்க்' என்பதை இயக்கினால் விருந்தாளிகளுக்கென்று தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் உள்ள இன்னொரு வைஃபை கிடைக்கும். அதில் வருபவர்களுக்கு இணையம் கிடைக்கும், உங்கள் வீட்டு கேமரா, பிரின்டர், லேப்டாப் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும். ஒன்றை மறக்க வேண்டாம். கெஸ்ட் வழியாகப் போனாலும் வெளியில் தெரிவது உங்கள் இணைய முகவரிதான். ஆகவே தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

நெட் வராதபோது என்ன செய்வது

பூட்டு அதிகம் கழல்வது இந்த நேரத்தில்தான். அவசரத்தில் ஒருவர் ரீசெட் துளையில் குண்டூசியைக் குத்துவார். ரவுட்டர் கம்பெனி நிலைக்குத் திரும்பி, 'அட்மின்' மீண்டும் வந்துவிடும். சில சமயம் நெட்காரர் போட்ட செட்டிங்கும் போய், இருந்த இணைப்பும் போகும். இன்னொருவர் "பாஸ்வேர்டை எடுத்துட்டுப் பாருங்க" என்பார். சரிபார்க்க வருபவர் 12345678 என்று வைத்துவிட்டுப் போவார். அப்படி நடக்காமலிருக்க, இந்த வரிசையில் பாருங்கள்.

1. ரவுட்டரில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் கோளாறு. மழையில், மரம் வெட்டும்போது, பள்ளம் தோண்டும்போது கம்பி அறுந்திருக்கலாம். உங்கள் வைஃபையில் எதையும் மாற்றாதீர்கள், நெட்காரரைக் கூப்பிடுங்கள். அறுந்த ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், அதில் லேசர் ஒளி வரும்.

2. விளக்கு சரியாக இருந்தால் ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு அது முழுதாக எழுந்து நிற்கச் சில நிமிடம் ஆகும். ரீசெட் துளையைத் தொட வேண்டாம்.

3. லேப்டாப் இருந்தால் கேபிள் மூலம் ரவுட்டரில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். கேபிளில் வேகமாக வந்து வைஃபையில் மட்டும் மெதுவாக இருந்தால் சிக்கல் காற்றில் இருக்கிறது.

4. காற்றில் சிக்கல் என்றால் பெரும்பாலும் நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். ஒரு பிளாக்கில் பத்து ரவுட்டர் இருந்தால் மூன்று பாதையில் பத்து பஸ் போகிற நிலைமை. 2018-இல் அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவு இடத்தை உரிமமின்றித் திறந்துவிட்டது. உங்கள் ரவுட்டரில் '5ஜி' என்று முடியும் பெயர் இருந்தால் அதில் சேருங்கள். (கைபேசி 5ஜி வேறு, இது வேறு.) அந்த அலை சுவரை அவ்வளவாகத் தாண்டாது. அடுக்குமாடியில் அதுவே நன்மை, பக்கத்து வீட்டு அலையும் உங்களைத் தொந்தரவு செய்யாது.

5. ரவுட்டரை இரும்பு பீரோ மேலும் டி.வி.க்குப் பின்னாலும் வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், நெஞ்சுயரத்தில் இருக்கட்டும்.

6. இவ்வளவுக்குப் பிறகும் மெதுவாக இருந்தால், ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் வீட்டில் எத்தனை கருவி உண்டோ அதைவிடக் கூடுதலாக இருந்தால், வேகம் போகும் வழி அதுதான். பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

உங்கள் ரவுட்டர் எந்த ஆண்டில் நிற்கிறது?

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) பிரவுசரில் போட்டால் செட்டிங்ஸ் பக்கம் வரும். வைஃபை 'செக்யூரிட்டி' என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரியும். மேலே சொன்ன வரலாறு முழுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 'ஓப்பன்' என்றிருந்தால் உங்கள் வீடு சான்பாடா பிளாட்டின் 2008-இல் நிற்கிறது. டபிள்யூ.இ.பி. என்றால் 2001-லேயே உடைந்த பூட்டு. டபிள்யூ.பி.ஏ. மட்டும் என்றால் 2003-இன் அவசர ஏற்பாடு. டபிள்யூ.பி.ஏ.2-ஏ.இ.எஸ். நல்ல பாஸ்வேர்டோடு இருந்தால் போதுமானது. டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் இன்னும் நல்லது. பழைய கைபேசி சேரவில்லை என்றால் 2-ம் 3-ம் கலந்த நிலையை வையுங்கள், கீழே இறங்க வேண்டாம்.

அங்கேயே டபிள்யூ.பி.எஸ்.-ஐ அணையுங்கள். செட்டிங்ஸ் பக்கத்தின் 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்றி, ஒரு தாளில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு வந்திருந்தால் போடுங்கள். வைஃபை பெயரை மறைத்து வைப்பதும், குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிப்பதும் பெரிய பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். மறைத்த பெயரைக் கண்டுபிடிக்கவும், அனுமதி பெற்ற கருவியைப் போல வேடம் போடவும் எளிய நிரல்கள் இருக்கின்றன. அவற்றை நம்பிப் பாஸ்வேர்டில் அலட்சியம் வேண்டாம்.

உங்கள் இணைப்பை யாராவது தவறாகப் பயன்படுத்தியதாகச் சந்தேகம் வந்தால், ரவுட்டரை ரீசெட் செய்யாதீர்கள். அதிலுள்ள பதிவுகள் அழிந்துவிடும். இணைந்த கருவிகளின் பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டை மாற்றி, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

ஓர் ஊர்ப் பேச்சை இன்னோர் ஊரில் கேட்கும் கருவியைக் கனவு கண்ட மகாகவியின் பெயரில் இருக்கிறது நம் நகர். அந்தக் கருவி இப்போது ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மாட்டியிருக்கிறது. ஆனால் பல வீடுகளில் அதைப் பராமரிக்க ஆள் இல்லை. பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் ஒவ்வொரு பிளாக்கிலும் உண்டு. அங்கே மாட்டியவர் வைத்த பாஸ்வேர்டே இன்றும் இருக்கும். இதைப் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டு ரவுட்டரைச் சரிபார்த்த பிறகு, எதிர்வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேட்டுவிட்டு அவர்கள் வீட்டு ரவுட்டருக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். புதிய பாஸ்வேர்டை அவர்கள் கையாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.